உறுமல் தங்கிய கும்பா

தம்பி செத்து, அவன் காரியமும் முடிந்து, அவன் பெண்டாட்டி இனிமேல் மகள் வீட்டோடு இருந்துகொள்கிறேன் என்று திருப்பூருக்கு பஸ் ஏறிப் போன மறுநாள் காலையில், எங்கள் வீட்டு முற்றத்தில் என் நாய் தன் சோற்றுக் கும்பாவின் மேல் கவிந்து நின்று ஒரு உறுமல் உறுமியது. உறுமிவிட்டு அது தொட்டியில் தண்ணீர் குடிக்கப் போய்விட்டது, உறுமல் போகவில்லை. நசுங்கிய அலுமினியக் கும்பாவுக்குள் அது தன் பாட்டுக்கு உட்கார்ந்து உறுமிக்கொண்டே இருந்தது.

"ஏங்க, நாய் அங்க நிக்குது, சத்தம் இங்க கேக்குது" என்றாள் என் மனைவி வெள்ளைத்தாய்.

"கேட்டா கேட்டுட்டுப் போகுது. நீ காப்பியப் போடு" என்றேன். ஆயுசு பூராவும் பஞ்சுமில்லில் நூற்கிற மெஷின் பக்கத்தில் நின்றவனுக்கு ஒரு சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்பதெல்லாம் பெரிய விஷயமில்லை.

அது யாரைப் பார்த்து உறுமியது என்பதைச் சொல்ல வேண்டும். தம்பி வளர்த்த நாயைப் பார்த்து. தம்பி பெண்டாட்டி அதை அந்தப் பக்கத்து வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள், வெள்ளைத்தாய் அதை இந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு வந்து, "இனிமே இதுவும் இங்கதான்" என்றாள். என்னிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்வேன் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.

என் பேர் குருவையா. தம்பி பேர் சமுத்திரம். தம்பி தன் நாய்க்குக் குருவையா என்று பேர் வைத்திருந்தான். உடன்பிறந்த அண்ணன் பேரை நாய்க்கு வைத்து, சாயங்காலமானால் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, தெருவே கேட்கும்படி, "ஏலேய் குருவையா, வாலை ஆட்டு பாப்போம்" என்று கூப்பிடுவான். என் நாயின் பேர் சமுத்திரம். யார் முதலில் வைத்தது என்பதில் தெருவில் ரெண்டு கட்சி உண்டு. நான் வைத்தது கொஞ்சம் முந்தி என்பது உண்மைதான். ஆனால் அது குட்டியிலேயே எவ்வளவு போட்டாலும் நிறையாத வயிறு உள்ள நாய், அதற்காக வைத்த பேர். அவன் வைத்தது வன்மத்தில் வைத்த பேர். வித்தியாசம் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

வன்மம் எதில் வந்தது என்றால் ஒரு ஆட்டுத் தலையில் வந்தது. மாசி மாதம் குலசாமி கோயிலில் எங்கள் பங்காளிகள் கிடா வெட்டினால், கறியைத் தேக்கிலையில் கூறு வைத்துப் பிரிப்பார்கள். கூறு எல்லாருக்கும் ஒன்றுபோல, தலை மட்டும் பிரியாது, அது மூத்தவனுக்கு. அப்பா செத்த பிறகு மூத்தவன் நான். அந்த வருஷம் மில்லில் மாற்றாள் வராமல் மேஸ்திரி என்னை அடுத்த ஷிப்டுக்கும் நிறுத்திவிட்டான் (அந்த மேஸ்திரியை நான் மறக்கவில்லை, அவன் சாவுக்கு நான் போகவில்லை). நான் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் பூசாரி, "தலை வெயில்ல காயக்கூடாதப்பா, மூத்தவன் இல்லாட்டி இளையவன் வாங்கிக்க" என்று சொல்ல, என் தம்பி துண்டை விரித்து வாங்கிக்கொண்டான். அண்ணன் வந்துகொண்டிருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்துத் தின்றான். கேட்டதற்கு, "தலையில என்னண்ணே இருக்கு, நாலு எலும்பு" என்றான். நாலு எலும்பு என்றால் அடுத்த வருஷம் எதற்கு எனக்கு முந்திப் போய்ப் பூசாரி பக்கத்தில் நின்றான்? அதற்கடுத்த வருஷம் எதற்கு நின்றான்? பூசாரிக்கும் கை அந்தப் பக்கமே பழகிவிட்டது. அப்புறம்தான் அப்பா கட்டிய வீட்டுக்கு நடுவில் சுவர் எழும்பியது, அப்புறம்தான் நாய்கள் வந்தன.

இப்போது கும்பாவுக்கு வருகிறேன். கும்பா உறுமினால் தம்பி நாய் எப்படித் தின்னும்? அது கிட்டே போகும், கும்பா உறுமும், வாலைக் கவட்டுக்குள் சொருகிக்கொண்டு சுவரோரம் போய்ப் படுத்துக்கொள்ளும். வெள்ளைத்தாய் வேறு தட்டில் வைத்தாள். என் நாய் அதன் மேலும் நின்று உறுமியது, அந்த உறுமலும் அதிலேயே தங்கியது. தண்ணீர்த் தொட்டி, படுக்கிற கோணி, வாசல்படி, வெயிலுக்கு நிழல் விழுகிற இடம் என்று ஒவ்வொன்றின் மேலும் என் நாய் ஒரு உறுமலை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனது. வெள்ளைத்தாய் கும்பாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள், புளி போட்டுத் தேய்த்தாள். உறுமல் போகவில்லை, ஆனால் கழுவிய தண்ணீரில் கொஞ்சம் இறங்கியது. அந்தத் தண்ணீரை முருங்கை மரத்து மூட்டில் ஊற்றினாள். மறுநாள் முருங்கை உறுமியது.

தம்பி வீட்டுக்கு மறுபுறம் இருக்கிற பக்கத்து வீட்டுப் பரிபூரணம், மதில் சுவருக்கு எங்கள் பக்கம் தொங்குகிற கீரையைத் தன் பக்கத்துக் கீரை மாதிரி வருஷக்கணக்காக ஒடித்துக்கொண்டிருந்தவள், அன்றைக்குக் கையை நீட்டினாள், மரம் ஒரு உறுமல் உறுமியது, கையை இழுத்துக்கொண்டாள். பயந்துபோய் ஓடுவாள் என்று பார்த்தால், கொஞ்ச நேரத்தில் ஒரு சொம்போடு எங்கள் வாசலில் நிற்கிறாள்.

"யக்கா, அந்தக் கழுவின தண்ணி மிச்சம் இருக்கா?"

"எதுக்குடி?"

"எங்க வீட்டு விறகு மேல தெளிக்கத்தான். எம் மாமியா எடுத்து எடுத்து எரிக்கிறா."

இப்படித்தான் ஆரம்பித்தது. பரிபூரணத்தின் விறகு உறுமுகிறது என்று கேள்விப்பட்டு அடுத்த வீட்டுக்காரி வந்தாள், அவளைக் கேள்விப்பட்டு அடுத்த தெரு வந்தது. சொம்பு போய்க் குடம் வந்தது, குடம் போய்க் கேன் வந்தது. நான் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றேன், ஏனென்றால் வந்து நின்றவர்களில் என்னிடம் ஒரு பழைய பாக்கி இல்லாதவன் ஒருத்தனும் இல்லை. ஒருத்தன் என் மகள் கல்யாணத்துக்கு வந்து சாப்பிடாமல் போனவன், ஒருத்தன் நான் விழுந்தபோது சிரித்தவன். வெள்ளைத்தாய் பின்வாசல் வழியாகக் கொடுத்துவிட்டாள்.

ஊர் அந்தத் தண்ணீரை எங்கெங்கே தெளித்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், ஆனால் அவரவர் ஊரில் அது கிடைக்காததால்தான் சிரிக்கிறார்கள். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்கள் ஈரத் துண்டு போட்டார்கள், ஸீட்டெல்லாம் உறுமியது, துண்டு போட்டவனையே உட்காரவிடவில்லை, ஏனென்றால் அந்த உறுமலுக்கு என் நாயைத் தவிர வேறு சொந்தக்காரன் கிடையாது. ஸீட்டெல்லாம் காலியாகக் கிடக்க நடுவழியில் கூட்டம் பிதுங்கிக்கொண்டு நின்று போனது, கண்டக்டர், "உக்கார்றதப் பத்தி யாரும் பேசாதீங்க, உள்ள தள்ளுங்க" என்று விசில் ஊதினான். கல்யாண மண்டபத்தில் முதல் பந்தி தங்களுக்குத்தான் என்று பெண் வீட்டார் இலையின் மேல் தெளித்தார்கள், அதற்கு மேல் மாப்பிள்ளை வீட்டார் தெளித்தார்கள், பந்தி முழுக்க உறுமியது, சாம்பார் வாளி கொண்டுபோனவன் வாளியைப் போட்டுவிட்டு ஓடினான். எல்லாரும் நின்றபடியே மைசூர்பாகை மட்டும் தின்றுவிட்டு, "பட்டணத்துல இப்பிடித்தான், பஃபேன்னு பேரு" என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள். கீழ்க்காட்டில் அண்ணனும் தம்பியுமாக வரப்புக்கு அடித்துக்கொண்டிருந்த ரெண்டு பேர் காடு முழுக்கத் தெளித்துவிட்டார்கள், ரெண்டு பேராலும் இறங்கிப் பருத்தி எடுக்க முடியவில்லை. வெடித்த பஞ்சு காற்றில் பறந்து போவதை ஆளுக்கொரு வரப்பில் நின்று பார்த்தார்கள், அடுத்தவன் முகத்தில் இருந்த வேதனைதான் அந்த வருஷம் ரெண்டு பேருக்கும் மகசூல்.

எங்கள் வார்டு கவுன்சிலர் தவசிலிங்கம் நகராட்சியில் தன் நாற்காலிக்குத் தெளித்தான். அன்றிலிருந்து கூட்டம் முடியும் வரைக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தான். நம்ம கவுன்சிலர் உழைப்பைப் பார்த்தீர்களா, உட்காரவே மாட்டேன் என்கிறார் என்று ஊர் பேசியது, அதைக் கேட்டு மற்ற கவுன்சிலர்களும் வாங்கிப்போய்த் தெளித்தார்கள், கடைசியில் சேர்மன் உள்பட எல்லாரும் நின்றுகொண்டே தீர்மானம் போட்டார்கள்.

பிறகு அது பழகிவிட்டது. பழகினால் எதுவும் முறையாகிவிடும். உறுமாத பொருள் ஊரான் பொருள் என்று ஒரு சொலவடை உண்டாயிற்று. பெண் பார்க்கப் போனால், பையன் என்ன வேலை என்று கேட்பதற்கு முன்னால், வீட்டில் என்னென்ன உறுமும் என்று கேட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் தம்பி நாய் சுவரோரமாகவே கிடந்தது. எங்கே போனாலும் என் நாயின் உறுமல், தெருக்குழாயில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கப் போனால் அங்கேயும் அதே உறுமல். விலா எலும்பு வெளியே தெரிந்தது. வெள்ளைத்தாய் உருண்டை பிடித்துக் கையில் வைத்து ஊட்டப் பார்த்தாள். கும்பாவோடு சேர்த்துக் கழுவியதில் சோற்றுப் பானையும் உறுமியது, கையும் லேசாக உறுமியது. அவளும் சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டாள்.

"வாயில்லா ஜீவன் பட்டினி கிடக்கையில எனக்கு இறங்கலங்க."

"செத்தவன் நாய்க்கு நீ ஏன் விரதம் இருக்க?"

"செத்தவர் நாய் இல்ல, நம்ம வீட்டு நாய். ஒரு கூரைக்குக் கீழ ஒண்ணு தின்னு ஒண்ணு பாக்கக் கூடாது" என்றாள். அந்த வார்த்தையை அவள் சொன்னபோது நாயைப் பார்த்துச் சொன்னாளா, சுவரைப் பார்த்துச் சொன்னாளா தெரியவில்லை. அந்தச் சுவரையும் அவளுக்குப் பிடிக்காது.

மில் முதலாளி பங்களாவில் ரெண்டு வெளிநாட்டு நாய்கள் ஒரு மெத்தைக்காகக் கடித்துக்கொள்ள, அதுகளைப் பழக்குவதற்காக நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஷெர்லின் என்று ஒரு பெண் வந்து ஊரில் தங்கியிருந்தாள். ஊரில் அவளுக்கு நாய் டீச்சர் என்று பேர். வெள்ளைத்தாய் அவளைப் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். டீச்சர் வந்து முற்றத்தைப் பார்த்தாள், கும்பாவைக் காதில் வைத்துக் கேட்டாள், ஆச்சரியமெல்லாம் படவில்லை.

"உறுமுனா அடிப்பீங்களாய்யா?" என்றாள் என்னிடம்.

"பின்ன?"

"அடிக்கக் கூடாது. உறுமுறது நல்லது. கிட்ட வராதன்னு மரியாதையா சொல்லுது. அடிச்சு அதை நிறுத்திட்டா, அப்புறம் சொல்லாமக் கடிக்கும்."

எங்கள் குடும்பத்தில் ரெண்டும் உண்டு என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. ரெண்டு நாயையும் முற்றத்தின் ரெண்டு மூலையில் கட்டச் சொன்னாள். தம்பி நாயை ஒரு எட்டு கிட்டே கொண்டுவந்து, அதே நேரத்தில் என் நாய்க்கு ஒரு ஈரல் துண்டு போடச் சொன்னாள். தம்பி நாய் தள்ளிப் போனதும் ஈரல் நிற்க வேண்டும், கிட்டே வந்தால் மறுபடி ஈரல்.

"அவன் வந்தா பங்கு போயிரும்னு இது நினைக்குது. அவன் வந்தாத்தான் நல்லது வரும்னு இதுக்குத் தெரியணும்யா."

"அவன் வந்து எனக்கு என்ன நல்லது வந்துச்சு?"

"நான் நாயைச் சொல்றேன்யா."

வெள்ளைத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒவ்வொண்ணையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் குடுக்கணும். பேர் கேட்டவன் வரணும், மத்தவன் இருக்கணும். இதும் பேர் என்னம்மா?"

"சமுத்திரம்" என்றாள் வெள்ளைத்தாய்.

"அதும் பேர்?"

"அதை நான் சொல்ல மாட்டேன்."

"ஏம்மா, பேரே வைக்கலையா?"

"வச்சிருக்கு. எங்க வீட்டுக்காரர் பேரு."

டீச்சர் என்னைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். கட்டின நாளிலிருந்து வெள்ளைத்தாய் வாயில் என் பேர் வந்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்லுவாள். வேறு பேர் வைத்துவிடுங்கள் என்றேன். டீச்சர் மணி என்றாள், டைகர் என்றாள், நாய் திரும்பவில்லை. அதற்குத் தெரிந்த பேர் ஒன்றுதான், அவ்வளவு சத்தமாக அவ்வளவு நாள் கூப்பிட்டிருக்கிறான் அவன். வெள்ளைத்தாய் ஒரு யோசனை பண்ணி, என்னைக் கூப்பிடுகிற மாதிரியே, "ஏங்க!" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். நாய் திரும்பவில்லை, நான் திரும்பினேன். கடைசியில் டீச்சரே "குருவையா!" என்று கூப்பிட, நாய் சட்டென்று தலையைத் தூக்கியது, அந்த நேரத்தில் நானும் "என்னம்மா?" என்றேன். சுவருக்கு மேலே பரிபூரணம் சிரிக்கிற சத்தம் கேட்டது. அதையும் நான் மறக்கவில்லை.

"நான் வாரம் ஒருநாள் வர்றவய்யா. சோறு போடுற வீட்டு ஆள் கூப்பிடணும். நீங்கதான் கூப்பிடணும்."

"முடியாது" என்றேன். என் பேரைச் சொல்லி நான் ஒரு நாயைக் கூப்பிட்டு, அது வாலை ஆட்டிக்கொண்டு வந்தால், செத்தும் ஜெயித்தவன் அவன்தானே?

பேர் இல்லாமலேயே வெள்ளைத்தாய் ஈரல் துண்டுகளோடு பழக்கினாள். நாய்க்கு என்ன, மனுஷன் அளவுக்குப் பிடிவாதம் கிடையாது. கொஞ்ச நாளில் என் நாய் உறுமுவதை நிறுத்தியது. தம்பி நாய் கிட்டே வந்தால் என் நாய் ஈரல் எங்கே என்று வெள்ளைத்தாயைத் திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான். ஆனால் ஏற்கெனவே தங்கிவிட்ட உறுமல்கள் அப்படியே இருந்தன. டீச்சர் மறுபடி வந்து கும்பாவைக் காதில் வைத்துப் பார்த்தாள்.

"நாய் விட்டுருச்சு. கும்பா விடல" என்றாள். "இது நான் படிச்சதுல இல்லைய்யா. ஆனா முறை ஒண்ணாத்தான் இருக்கும். பேரைக் கூப்பிட்டு, இந்தக் கும்பாவுல உங்க கையால வச்சு, அது தின்னணும்."

"முடியாதுன்னு சொன்னேன்ல?"

டீச்சர் வந்துபோகிறாள் என்பது தெரிந்து அன்றைக்குச் சாயங்காலமே ஊர் திரண்டு வந்தது. தவசிலிங்கம் முன்னால் நின்றான்.

"அண்ணாச்சி, கும்பாவ மட்டும் பழக்கிராதீங்க. அதுல போச்சுன்னா ஊர்ல எல்லாத்துலயும் போயிருமாம்ல. ஊர்ச் சொத்து அத்தனையும் அதை நம்பித்தான் இருக்கு."

"நாற்காலியில நீ உக்காந்து எத்தனை நாளாச்சுவே? காலெல்லாம் வீங்கிக் கிடக்கு."

"நான் உக்காராட்டி என்ன அண்ணாச்சி? வேற எவனும் உக்காரலைல்ல?"

கூட்டம் ஆமாம் என்று தலையாட்டியது. நானும் ஆட்டினேன். அவன் சொன்னதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. ஒரு மனுஷன் நியாயமாகப் பேசினால், அவன் யாராக இருந்தாலும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

மாசி வந்தது. குலசாமி கோயிலில் கிடா வெட்டினார்கள், கூறு வைத்தார்கள், பூசாரி பழக்கதோஷத்தில் தலையைத் தூக்கிக்கொண்டு தம்பி நிற்கிற பக்கம் திரும்பினான், அங்கே யாரும் இல்லை, பிறகு என்னைத் தேடி வந்து, "இந்தா குருவையா, மூத்தவனுக்கு" என்று கொடுத்தான். நான் சுற்றிப் பார்த்தேன். யாரும் வயிறெரியவில்லை. யாரும் பார்க்கக்கூட இல்லை, அவரவர் கூறு பெரிதா சிறிதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை மாசி இதற்காகக் காத்திருந்தேன்; வாங்குவதைப் பார்க்க வேண்டிய ஆள் பார்க்காமல் போய்ச் சேர்ந்துவிட்டான். அதிலும் ஒரு துரோகம் பண்ணிவிட்டான். பஸ்ஸில், காலி ஸீட்டுகளுக்கு நடுவில், தலையைத் துண்டில் கட்டித் தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தேன்.

வீட்டில் தலையை வாங்கிக்கொண்டு போன வெள்ளைத்தாய், அதை வாட்டி, உடைத்து, அடுப்பில் ஏற்றினாள். நான் குளித்து, வேட்டி மாற்றி, இலையைப் போட்டு உட்கார்ந்தேன். வந்த வாசனையில் மசாலா இல்லை.

"என்னடி வச்சிருக்க?"

"அவிச்சிருக்கேன். உப்பு, காரம் ஒண்ணும் போடல."

"ஏன்?"

"நாய்க்கு உப்பு காரம் ஆகாதுன்னு டீச்சர் சொல்லியிருக்கு."

நான் எழுந்துவிட்டேன். அவளை அடிக்கப் போகிற ஆள் மாதிரி எழுந்தேன், அப்புறம் அவள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். அவள் கழுத்தெலும்பு, தம்பி நாயின் விலா மாதிரி வெளியே தெரிந்தது.

"வந்து பாருங்க" என்றாள். சுவரோரம் அந்த நாய் ஒருக்களித்துக் கிடந்தது. ஈ மொய்த்தால் காதை ஆட்டவில்லை. டீச்சர் அதன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, துணியை நனைத்து வாயில் பிழிந்துகொண்டிருந்தாள். தண்ணீர் வாயோரமாக வழிந்து போனது.

"இன்னைக்கு இது தின்னாட்டி நாளைக்குக் குழி வெட்டணும்" என்றாள் வெள்ளைத்தாய். "நீங்கதான் வெட்டணும். தெருவுல யாரு செத்ததுன்னு கேப்பாங்க. நான் பேர் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிக்கோங்க."

கும்பாவை எடுத்து வந்து நடு முற்றத்தில் வைத்தாள். அது உறுமிக்கொண்டிருந்தது. சுவருக்கு மேலே பரிபூரணம், வாசலில் தவசிலிங்கம், அவனுக்குப் பின்னால் பாதித் தெரு. கறிவாசனைக்கு வந்தார்களோ, தங்கள் சொத்துக்குப் பயந்து வந்தார்களோ. நான் பாத்திரத்தோடு நின்றேன். தொண்டையைச் செருமினேன்.

"குருவையா" என்றேன், மெதுவாக.

தவசிலிங்கம் பக்கத்திலிருந்தவனைப் பார்த்தான். நாய் அசையவில்லை.

"கேக்கலைய்யா" என்றாள் டீச்சர். "அதுக்குப் பழகின மாதிரி கூப்பிடுங்க."

பழகின மாதிரி என்றால் எப்படி என்று எனக்குத் தெரியாதா? வருஷக்கணக்காகச் சுவருக்கு இந்தப் பக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டவன் நான்தானே. அந்த இழுப்பு, அந்த நக்கல், கடைசி எழுத்தில் ஏறுகிற அந்தக் குரல், அப்படியே வந்தது.

"ஏலேய் குருவையா! வாலை ஆட்டு பாப்போம்!"

தெரு முழுக்கக் கேட்டது. வால் நுனி மண்ணில் ஒருதரம் அடித்தது. அப்புறம் தலை எழும்பியது. முன்னங்கால் ஊன்றி, பின்னங்கால் ஊன்றி, விழுந்து, மறுபடி ஊன்றி, அந்த நாய் என்னைப் பார்த்து வந்தது, யாரைத் தேடி வந்ததோ. அதே நேரத்தில் மூலையிலிருந்து என் நாயும் கறிவாசனைக்கு எழுந்து வந்தது. ரெண்டும் கும்பாவுக்கு ரெண்டு பக்கம். கும்பா உறுமியது. நான் என்ன சொல்ல வேண்டும் என்று டீச்சர் எனக்குச் சொல்லித்தரவில்லை. அது தானாக வாயில் வந்தது, எத்தனையோ மாசியாக உள்ளேயே கிடந்த வார்த்தை.

"சமுத்திரம், நீ இரு. முதல்ல குருவையா சாப்பிடட்டும்."

என் நாய் உட்கார்ந்தது. நான் கன்னக்கறியைப் பிய்த்துக் கும்பாவுக்குள் கையை விட்டேன், உறுமல் என் விரலை ஒரு கவ்வு கவ்வியது, நான் கையை எடுக்கவில்லை, தம்பி நாய் மூக்கை என் கைக்குப் பக்கத்தில் நுழைத்து ஒரு வாய் தின்றது, இன்னொரு வாய் தின்றது. கரண்டு போனால் மில்லில் மெஷின் எப்படி இறங்கி இறங்கி ஓய்கிறதோ அப்படி உறுமல் ஓய்ந்தது. கும்பாவில் ஓய்ந்தது, தட்டில் ஓய்ந்தது, முருங்கையில் ஓய்ந்தது, தெருவில் ஒவ்வொரு வீடாக ஓய்ந்துகொண்டே போயிற்று. எல்லாரும் ஒருத்தரையொருத்தர் பார்த்தார்கள். தவசிலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நகராட்சியைப் பார்த்து ஓடினான், அவனைப் பார்த்து மற்றவர்களும் அவரவர் பொருளைப் பார்த்து ஓடினார்கள். பரிபூரணம் மட்டும் ஓடவில்லை, அங்கேயே நின்று ஒரு கொத்துக் கீரையை ஒடித்தாள்.

"ஐயா, இப்ப சமுத்திரத்துக்குக் குடுங்க" என்றாள் டீச்சர். "உறுமாம இருந்துச்சுல்ல, முன்ன குடுத்ததைவிட நல்லதாக் குடுக்கணும். இல்லாட்டி மறுபடி ஆரம்பிச்சிரும்."

பாத்திரத்தில் பார்த்தேன், கறியெல்லாம் கும்பாவுக்குப் போயிருந்தது. மிச்சமிருந்தது மூளை மட்டும்தான். ஆட்டுத் தலைக்காகப் பகைத்துக்கொள்கிறவன் கன்னக்கறிக்காகப் பகைத்துக்கொள்வதில்லை, மூளைக்காகத்தான்.

"வேற ஏதாவது இருக்காடி?"

"இல்ல" என்றாள் வெள்ளைத்தாய். இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். தம்பி நாய் ஒரு நார் மட்டும் மிச்சம் வைத்துத் தின்று முடித்ததைப் பார்த்துவிட்டு, அவள் அடுப்படியிலிருந்து ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து, அந்த நாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பிசைந்தாள்.

ஆக, தலை என் கைக்கு வந்த வருஷமும் மூளை சமுத்திரத்துக்குத்தான். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன், வெதுவெதுப்பாக இருந்தது. அந்த நாய் உறுமாமல், கையைப் பார்க்காமல், என் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

"குடுங்கய்யா" என்றாள் டீச்சர்.

"குடுப்போம், என்ன அவசரம்? கொஞ்சம் இருக்கட்டும். நான் காத்துக்கிட்டு இருந்ததுல பாதியாவது இருக்கட்டும்" என்றேன், சொல்லி வாயை மூடுவதற்குள் கை தானாக நீண்டுவிட்டது, அதற்கு நான் பொறுப்பில்லை.